அண்ணியிடம் கணக்குக் கேட்பதற்கு முன்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் விஷயம் இது. நான்கு வருஷத்துக்கு முன் அண்ணன் திடீரென்று இறந்துவிட்டார், உயில் இல்லை. பிள்ளைகள் இரண்டு: பெண்ணுக்கு 16, பையனுக்கு 11. உங்கள் அம்மா இருக்கிறார், அப்பா இல்லை. அண்ணன் தன் சம்பளத்தில் வாங்கிய ஒரு மனையை அண்ணி இரண்டு வருஷத்துக்கு முன் 24 லட்சத்துக்கு விற்றார். தனக்காக ஒரு கையெழுத்து, பிள்ளைகளின் கார்டியன் என்ற முறையில் இன்னொரு கையெழுத்து. இன்சூரன்ஸ் பணமும் அவர் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. இப்போது வீட்டையும் விற்கப் பேச்சு நடக்கிறது, அவருக்கு மறுமணமும் முடிவாகியிருக்கிறது. "அண்ணியைக் கார்டியன் பொறுப்பிலிருந்து நீக்கிவிட்டு, பிள்ளைகளின் 24 லட்சத்தை மீட்க முடியுமா?" என்று கேட்கிறீர்கள்.

பார்க்க ஒரே கேள்வி. உள்ளே மூன்று இருக்கிறது. அந்தச் சொத்தில் பிள்ளைகளுடையது எவ்வளவு? அதை விற்க அண்ணிக்கு அதிகாரம் இருந்ததா? இல்லையென்றால் கோர்ட்டில் போய் அதைக் கேட்க வேண்டியவர் யார்? நீங்கள் மூன்றாவதற்கு நீங்களே பதில் சொல்லிக்கொண்டு அங்கிருந்து ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் முதலிலிருந்து வருகிறேன். மாவட்ட அளவில் சிவில் வக்கீலாக 27 வருஷம் ஓட்டியவன். இந்த மாதிரி வழக்கில் சித்தப்பா பக்கமும் நின்றிருக்கிறேன், அம்மா பக்கமும் நின்றிருக்கிறேன். உங்கள் பத்திரங்களைப் பார்க்காமல், நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிறிஸ்தவர், முஸ்லிம் என்றால் பங்குக் கணக்கே வேறு.

முதலில் பங்கு. 24 லட்சமும் பிள்ளைகளுடையது இல்லை. 1956-ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயார்ஜிதச் சொத்து, அதாவது அவரே சம்பாதித்து வாங்கியது, மனைவி, மகன், மகள், தாய் ஆகிய எல்லோருக்கும் சமமாகப் போகும். உங்கள் வீட்டில் அது நான்கு பேர்: அண்ணி, இரண்டு பிள்ளைகள், உங்கள் அம்மா. ஆளுக்குக் கால் பங்கு, விலையில் சொன்னால் ஆளுக்கு 6 லட்சம். அதாவது பிள்ளைகளுடையது 12 லட்சம். 6 லட்சம் அண்ணிக்குச் சொந்தப் பணம், அதை அவர் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது. இறந்தவரின் தம்பிக்கு இதில் பங்கு எதுவும் கிடையாது.

மிச்சமுள்ள கால் பங்கைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழை எடுத்துப் பாருங்கள், உங்கள் அம்மா பெயரும் அதில் இருக்க வேண்டும். கிரயப் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட்டாரா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லை என்றால் அவருடைய கால் பங்கு வாங்கியவருக்குப் போகவே இல்லை. அதற்கு மைனர், கார்டியன் என்ற பேச்சே வேண்டாம், அம்மா தன் பெயரிலேயே கேட்கலாம். போட்டுவிட்டார் என்றால், அன்று அவர் கைக்கு என்ன வந்தது என்று அவரிடமே விசாரியுங்கள். ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் அண்ணி மேல் ஆறு பக்கத்துக்குக் குற்றம் அடுக்கிக்கொண்டு வந்தார். பத்திர நகலைப் புரட்டினால் மூன்றாம் பக்கத்தில் அவருடைய அம்மாவின் கைரேகை, கீழே சாட்சியாக அவருடைய கையெழுத்தே.

இதெல்லாம் மனை சுயார்ஜிதம் என்றால்தான். தாத்தா வழியில் வந்த, இன்னும் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து என்றால் கணக்கு மாறும். நான் அடுத்துச் சொல்லப்போகிற கோர்ட் அனுமதி விதி, கூட்டுக்குடும்பச் சொத்தில் மைனருக்கு உள்ள பிரியாத பங்குக்குப் பொருந்தாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சம்பளத்தில் வாங்கியது என்று நீங்களே எழுதியிருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

சரி, அதிகாரம். அண்ணியை யாரும் கார்டியனாக "நியமிக்க" வேண்டியதில்லை. 1956-ஆம் வருஷ இந்து இளவர் (மைனர்) மற்றும் காப்பாளர் (கார்டியன்) சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தகப்பனுக்குப் பிறகு தாயே இயற்கைக் காப்பாளர் என்கிறது. (தகப்பன் உயிரோடு இருந்தாலும், அவர் கவனிக்காத நிலையில் தாய் காப்பாளராக இருக்கலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை இன்னும் விரித்துச் சொன்னது.) ஆனால் காப்பாளர் என்பதாலேயே சொத்தை விற்க முடியாது. 8-ஆம் பிரிவைப் படியுங்கள்: மைனரின் அசையாச் சொத்தை விற்க, அடமானம் வைக்க, தானம் கொடுக்க, பரிவர்த்தனை செய்ய, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விட, எதற்கும் கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். அவசியம் இருந்தால், அல்லது பிள்ளைக்குத் தெளிவான நன்மை இருந்தால்தான் கோர்ட் அனுமதி தரும். அனுமதி இல்லாமல் விற்றால் அந்தப் பங்கு வரைக்கும் விற்பனையைப் பிள்ளை ரத்து செய்யலாம். விற்ற காரணம் நல்ல காரணமாகவே இருக்கட்டும், அனுமதி இல்லாத குறை அப்படியேதான் இருக்கும். இதில் சந்தேகமே இல்லை.

ரத்து செய்யலாம் என்பதற்கும் செல்லவே செல்லாது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அண்ணி விற்றது பிறவியிலேயே செத்த பத்திரம் அல்ல. பிள்ளை எழுந்து வந்து "ஒத்துக்கொள்ள மாட்டேன்" என்று சொல்கிறவரை உயிரோடு இருக்கும். அதே மனையைச் சித்தப்பாவோ தாத்தாவோ "நான்தானே பார்த்துக்கொள்கிறேன்" என்று விற்றிருந்தால் கதையே வேறு. 11-ஆம் பிரிவு அவர்களுக்கு அந்த உரிமையையே தரவில்லை, அந்தப் பத்திரம் முதல் நாளிலிருந்தே வெறும் காகிதம். வீட்டின் நிர்வாகத்தை நீங்களே எடுத்துக்கொள்ளலாமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்களே, அதற்கும் இதுதான் பதில். கோர்ட் உத்தரவு இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பிள்ளை எழுந்து வருவதற்குக் கெடு உண்டு. 1963-ஆம் வருஷக் காலவரையறைச் சட்டத்தின் 60-ஆவது இனத்தின்படி 18 முடிந்து மூன்று வருஷம், அதாவது 21-ஆவது பிறந்தநாள் வரை. ஒரு பையன் வந்திருந்தான், என்ஜினீயரிங் முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். அப்பா போன பிறகு அம்மா கோர்ட்டுக்குப் போகாமல் விற்ற நிலம், பத்திரம் பளிச்சென்று தப்பு, வழக்கு என்றால் அப்படி ஒரு வழக்கு. பிறந்த தேதியைக் கேட்டேன். சொன்னான். விரல் விட்டு எண்ணினேன், 21 முடிந்து நான்கு மாதம். ஃபைலை மூடி அவன் கையில் கொடுத்தேன். "பத்திரமே செல்லாது என்று ஒருத்தர் சொன்னாரே சார்" என்று நின்றான். செல்லாதது என்றால் கெடு வேறு, ரத்து செய்யத்தக்கது என்றால் இந்த மூன்று வருஷம்தான். 2019-ல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. 2025-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, வழக்குப் போடாமலேகூட, மேஜரான பிள்ளை அந்தச் சொத்தைத் தானே வேறொருவருக்குக் கிரயம் செய்வது மாதிரியான தெளிவான செயலால் பழைய விற்பனையை நிராகரிக்கலாம் என்கிறது. அதுவும் அதே கெடுவுக்குள்தான். அதை நம்பி வழக்குப் போடாமல் இருக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். உங்கள் அண்ணன் பெண்ணுக்கு இன்னும் ஐந்து வருஷம், பையனுக்குப் பத்து. வாரிசுரிமைச் சட்டத்தில் வந்த பங்கு தனித்தனிப் பங்கு, அதனால் அக்காவின் கெடு முடிந்ததால் தம்பியின் கெடுவும் முடிந்தது ஆகாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அப்படித்தான் வாதாடுவார், பெண்ணின் கெடுவுக்குள் இருவருக்கும் சேர்த்துப் போடுவது நிம்மதி.

ரத்தானால் என்ன கிடைக்கும்? மனையில் பாதிப் பங்கு. பணம் அல்ல. வாங்கியவரோடு சேர்ந்து பாகப்பிரிவினை செய்துகொள்ள வேண்டும். அவர் கொடுத்த விலையில் பிள்ளைகளுக்குப் பயன்பட்ட பகுதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கோர்ட் நிபந்தனை போடவும் கூடும். இந்த இடம் உறுதியில்லாதது. நீதிபதிக்கு நீதிபதி மாறும். மனை விலை ஏறியிருந்தால் வழக்கு லாபம். ஏறவில்லை என்றால் கோர்ட் கட்டணம், வக்கீல் ஃபீஸ், எட்டு பத்து வருஷம் எல்லாம் போய், கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்த நிலையில் கிரயத்தைத் தொடாமல், பிள்ளைகள் பங்கான 12 லட்சத்துக்கு அண்ணியிடம் கணக்குக் கேட்பதே மேல்.

இன்சூரன்ஸில் உங்களுக்கு அவ்வளவு பிடி இல்லை. பாலிசியில் நாமினி யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகள் நாமினி, அவர்கள் மைனர் என்பதால் பணத்தைப் பெற்றுக்கொள்ள அண்ணி பெயர் போட்டிருந்தது என்றால், அது பிள்ளைகள் பணம். அண்ணியே நாமினி என்றால், 2015-ல் திருத்திய இன்சூரன்ஸ் சட்டம் மனைவி, பிள்ளை, பெற்றோரை வெறும் கை மாற்றுகிறவர்களாகப் பார்க்காமல் பயனுக்கே உரியவர்களாகப் பார்க்கிறது. அப்படியானால் மற்ற வாரிசுகள் அதில் பங்கு கேட்கவே முடியாதா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி சொல்லவில்லை. இதை மட்டும் நம்பி வழக்குப் போட வேண்டாம். அண்ணனுக்குப் பி.எஃப். பென்ஷன் திட்டம் இருந்திருந்தால் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பென்ஷன் 25 வயது வரை வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் விதவைப் பென்ஷனில் கால் பங்கு. அது வருகிறதா என்றும் பாருங்கள். சண்டை மும்முரத்தில் அதற்கு விண்ணப்பமே போடாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கணக்கு. பணம் அண்ணியின் கணக்கில் இருக்கிறது என்பதாலேயே அவர் தின்றுவிட்டார் என்று ஆகாது. தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்த்த வரையில், நக்கியவர்களைவிட, எது தன் தேன் எது பிள்ளையின் தேன் என்று பிரித்து வைக்கத் தெரியாதவர்களே அதிகம். ஒரே கணக்கில் சம்பளம், மனை விற்ற பணம், நகை அடகு, ஸ்கூல் ஃபீஸ், மளிகை எல்லாம் ஓடும். நான்கு வருஷம் கழித்து யாராலும் பிரிக்க முடியாது. காப்பாளர் என்பவர் நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர், பிரித்துக் காட்ட வேண்டியது அவர் கடமை. காட்ட முடியாவிட்டால் சந்தேகம் அவருக்கு எதிராகப் போகும், உண்மைதான். ஆனால் அவர் காட்டிவிட்டால்?

ஒரு சித்தப்பாவுக்காக நான் போட்ட மனு அப்படித்தான் முடிந்தது. எதிர்மனுதாரரான அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து 192 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தார். இடது பக்கம் தேதி, வலது பக்கம் தொகை, ஃபீஸ் ரசீதுகள் அந்தந்தப் பக்கத்தில் குண்டூசி குத்தி. ஊசி துருப்பிடித்துத் தாளில் பழுப்புக் கறை. "பல் கம்பி, இரண்டாம் தவணை" என்று ஒரு வரி. "வீட்டுக் கடன், அவர் வாங்கியது" என்று மாதாமாதம் ஒரு வரி. நீதிபதி ஐந்து நிமிஷம் போலப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் கட்சிக்காரர் இந்தப் பிள்ளைகளுக்கு இதுவரை என்ன செய்திருக்கிறார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், நோட்டீஸ் அனுப்புமுன் ஒரு தடவை நேரில் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு, "அண்ணி, பிள்ளைங்க பங்கு எங்கே இருக்கு?" என்று சண்டை இல்லாத குரலில் கேளுங்கள். அவருடைய அண்ணனோ தம்பியோ, அதாவது பிள்ளைகளின் தாய்மாமன், கூட இருந்தால் இன்னும் நல்லது.

இனி யார் கேட்பது. வழக்கு பிள்ளைகளுடையது. அவர்கள் மைனராக இருக்கும்போதே, பெரியவர் ஒருவர் அவர்கள் சார்பில் "நெருங்கிய நண்பர்" என்ற பெயரில் போடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. நிபந்தனை, அவருடைய நலன் பிள்ளைகளின் நலனுக்கு எதிராக இருக்கக் கூடாது. சொத்தில் உங்களுக்குப் பங்கு இல்லை என்று மேலே சொன்னேன். ஆனால் உங்கள் அம்மாவின் கால் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கும், அண்ணன் பிள்ளைகளுக்கும், அக்கா தங்கை இருந்தால் அவர்களுக்கும் வரும். எதிர்த்தரப்பு அங்கேதான் குத்தும். அந்த வீட்டை நீங்களே வாங்கிக்கொள்ளும் எண்ணம் ஒரு ஓரத்தில் இருந்தால், தயவுசெய்து இதில் முன்னால் நிற்காதீர்கள்.

காப்பாளரை மாற்றுவது முடியாத காரியம் அல்ல. 1890-ஆம் வருஷக் காப்பாளர் மற்றும் காப்பகப்பட்டோர் சட்டத்தில் வேறொருவரைக் காப்பாளராக நியமிக்கக் கேட்கலாம், நியமித்தால் பழையவரின் அதிகாரம் தானாகப் போகும். ஆனால் கோர்ட்டுக்கு எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன். 16 வயதுப் பெண்ணை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு அவள் விருப்பத்தைக் கேட்பார். "அம்மாகூடத்தான் இருப்பேன், சித்தப்பா ஏன் இப்படிப் பண்றார்னு தெரியல" என்று அவள் சொன்னால் உங்கள் மனு அன்றோடு முடிந்தது. அப்படியே வென்றாலும், சொத்துப் பட்டியல், ஜாமீன் பத்திரம், வருஷக் கணக்கு என்று நீங்கள்தான் கோர்ட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று: சொத்துக்கான காப்பாளர் மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். குடும்ப நீதிமன்றத்தின் வேலை பிள்ளை யாரிடம் வளர்வது என்பதுதான்.

மறுமணத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் இரண்டு பத்தி இருந்தது. உண்மையில் அதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். மறுமணத்தால் அண்ணியின் காப்பாளர் உரிமை போகாது, அண்ணன் சொத்தில் அவருக்கு ஏற்கனவே வந்த பங்கும் போகாது. மதம் மாறினாலோ முழுத் துறவு பூண்டாலோதான் சட்டம் அந்த உரிமையை எடுக்கிறது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது: தகப்பன் என்ற சொல்லில் மாற்றாந்தகப்பன் அடங்க மாட்டார். வரப்போகிறவர் எவ்வளவு நல்லவரோ கெட்டவரோ, பிள்ளைகளின் சொத்தில் அவர் கையெழுத்துக்கு மதிப்பு இல்லை.

அப்புறம், அவசரமான விஷயம் வீடு. இங்கே நீங்கள் அண்ணியோடு மல்லுக்கட்டவே தேவையில்லை. வாங்க வருகிறவருக்கு, இதில் இரண்டு மைனர் பங்கும் பாட்டி பங்கும் இருக்கிறது, கோர்ட் அனுமதி இல்லாமல் வாங்கினால் பிள்ளைகள் 21 வயது வரை கேட்கலாம் என்று உங்கள் அம்மா பெயரில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் போதும். கடன் கொடுக்கும் வங்கியின் வக்கீலும் இதையேதான் கேட்பார். அனுமதி இல்லாமல் வாங்கும் ஆள் விலையை அடித்துத்தான் கேட்பார், நஷ்டம் அண்ணிக்கும் சேர்த்து. அதனால் அண்ணியே மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி மனு போடட்டும். கோர்ட் உறவினருக்கு நோட்டீஸ் அனுப்பி ஆட்சேபம் கேட்கலாம், உங்கள் பேச்சுக்கு இடம் அங்கே இருக்கிறது. "விற்கக் கூடாது" என்று நிற்காமல், "பிள்ளைகள் பங்குப் பணத்தை அவர்கள் பெயரில் தேசிய வங்கியில் டெபாசிட் செய்ய உத்தரவிட வேண்டும், வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணி படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்ளட்டும்" என்று கேளுங்கள். விபத்து வழக்குகளில் மைனர் நஷ்ட ஈட்டுக்குத் தினமும் போடுகிற உத்தரவு இது, எந்த நீதிபதிக்கும் கை பழகியது. அசல் 18 வயதில் பிள்ளை கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். அண்ணி மனு போடாமல் விற்கவே துணிந்தால், அப்போது பிள்ளைகள் சார்பில் வழக்கும் தடையுத்தரவு மனுவும்.

போலீஸுக்குப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: நம்பிக்கை மோசடி என்று சட்டத்தில் பிரிவு இருக்கிறது, ஆனால் ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெண் தன் அம்மா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்ததை மறக்கவும் மாட்டாள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். மனைக்கும் வீட்டுக்கும் வில்லங்கச் சான்றிதழ் போடுங்கள், விற்ற கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். அதில் மூன்று இடம் பாருங்கள்: அம்மா கையெழுத்து இருக்கிறதா, கோர்ட் அனுமதி எண் எங்காவது குறிப்பிட்டிருக்கிறதா, மைனர் பங்குப் பணத்தை என்ன செய்வதாக எழுதியிருக்கிறது. "மைனர்களின் படிப்புச் செலவுக்கும் இறந்தவர் பட்ட கடனுக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கடன் எது என்று அண்ணியிடம் கேளுங்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்திருந்தால் 24 லட்சத்தில் ஒரு பெரிய துண்டு அங்கேயே போயிருக்கும். இந்த மூன்றும் தெரிந்த பிறகு எழுதுங்கள், மேற்கொண்டு பேசலாம்.